ஏழு ஆண்டுகள், ஏழு புத்தகங்கள்: விருதுப் பட்டியலில் ஒளிந்திருக்கும் நம் வீட்டுக் கதைகள்!

வீட்டில் இருக்கும் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை அழைப்பில் முன்னால் நடப்பவர்கள் நாகஸ்வரக்காரர்கள். முகூர்த்தத்தில் ஐயர் கையசைத்ததும் கெட்டிமேளம் கொட்டுபவர்கள் அவர்கள். ஊர்வலப் படத்தின் ஓரத்தில் பாதி முகமாவது தெரியும். ஆனால், அந்த வாசிப்பாளரின் பெயர் என்ன என்று கேட்டால், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சமையல்காரர் பெயர் தெரியும், போட்டோகிராபர் பெயர் ஆல்பத்தின் அட்டையிலேயே இருக்கும். மங்கல இசை என்று பத்திரிகையில் அச்சடித்தோமே, அதை வாசித்தவரை மட்டும் மறந்துவிட்டோம்.

இப்படி நாம் மறந்துபோனவர்களைத் தேடிப் பிடித்துப் பெயர் சொல்லும் புத்தகங்கள் தமிழில் தொடர்ந்து வருகின்றன. அவற்றில் பல, சாகித்ய அகாடமி விருதும் வாங்கியிருக்கின்றன. ஆனால், ‘விருது வாங்கிய புத்தகம்’ என்றாலே பலருக்கும் ஒரு தயக்கம். ‘அதெல்லாம் கனமா இருக்கும், நமக்குப் புரியாது’ என்று புத்தகக் கண்காட்சியில் கையில் எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு, சமையல் குறிப்பும் ஜோதிடமும் வாங்கிக்கொண்டு, டெல்லி அப்பளம் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

அந்தத் தயக்கம் நியாயம்தானா? 2018 முதல் 2024 வரை தமிழுக்காக சாகித்ய அகாடமி விருது பெற்ற ஏழு புத்தகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ஐந்து நாவல்கள், ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஓர் ஆய்வு நூல். கரிசல்காட்டிலிருந்து கடல் கடந்த தீவு வரை, கண்மாய்க் கரையிலிருந்து ஆஸ்பத்திரி வார்டு வரை நீளும் கலவையான பட்டியல் இது. ஒரு லட்சம் ரூபாயும் ஒரு தாமிரப் பட்டயமும்தான் விருது. புத்தகங்கள் தருவது என்ன?

வாசிப்பவரை யார் கேட்கிறார்கள்?

முதலில், ஆல்பத்தில் பெயர் இல்லாத அந்த மனிதர்கள். எஸ்.ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ நாவலுக்கு 2018-ல் விருது கிடைத்தது. நாகஸ்வரம் என்றதும் நமக்குத் தஞ்சாவூர்ப் பக்கம்தான் நினைவுக்கு வரும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அந்த மண்ணின் அடையாளம். விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறைச் சேர்ந்த ராமகிருஷ்ணன், தன் கரிசல் நிலத்து வாசிப்பாளர்களைப் பற்றி எழுதினார். காவிரி பாயாத ஊரில், மழை பொய்த்த வருடத்தில், கோயில் கொடையை நம்பிப் பிழைக்கும் கலைஞர்கள் இவர்கள்.

திருவிழாவுக்கு வாசிக்கப் போன ரத்தினமும் பக்கிரியும் ஊர்த் தகராறுக்கு நடுவில் சிக்கி அவமானப்படுகிறார்கள். ஆத்திரத்தில் பக்கிரி செய்துவிடும் ஒரு காரியம், இருவரையும் ஊர் ஊராக ஓட வைக்கிறது. அந்த ஓட்டத்தின் வழியே நாவல் முன்னும் பின்னுமாகப் போய், பழைய வித்வான்களின் கதைகளையும் அவர்கள் பட்ட சிறுமைகளையும் சொல்லிக்கொண்டே போகிறது. கிளைக்கதைகள் அதிகம். சில இடங்களில் மூலக்கதை எங்கே விட்டது என்று பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால், சாமிக்கு முன்னால் வாசிப்பவரை மனிதர்கள் எங்கே உட்கார வைக்கிறார்கள் என்ற கேள்வியை நாவல் ஓரிடத்திலும் விடவில்லை. படித்து முடித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போகும்போது, பந்திக்கு ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் மேளக்காரர்கள் பக்கம் கண் போகும்.

நிறைசூலியாக ஒரு கண்மாய்

தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற அனுபவம் உள்ளவர்கள் முதலில் எடுக்க வேண்டியது சோ.தர்மனின் ‘சூல்’. 2019-ல் விருது பெற்ற நாவல். கோவில்பட்டி வட்டாரத்தில் இருக்கும் உருளைக்குடிதான் தர்மனின் ஊர். அந்த ஊரும் அதன் கண்மாயும்தான் கதை நாயகர்கள். தலைப்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. தண்ணீர் நிரம்பிய கண்மாய், பிள்ளை சுமக்கும் பெண். மீனும் தவளையும் பாம்பும் பறவையும் மரமும் பயிரும் மனிதரும் அவள் வயிற்றுப் பிள்ளைகள்.

பாசனம் என்றால் வாய்க்காலை வெட்டிவிடுவது என்று நினைத்திருப்பவர்களுக்கு இந்த நாவல் ஒரு பாடம். எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பங்கிட்டுத் தர நீர்பாய்ச்சி என்றொருவர் இருந்தார். அவர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. கோடையில் ஊரே கூடிக் கரம்பை மண்ணை வெட்டி வயலுக்கு அடிக்கும். வயலுக்கு உரம் ஆச்சு, கண்மாயும் ஆழமாச்சு. தண்ணீருக்காக உயிரைக் கொடுத்தவர் அந்த ஊரில் சாமியாகிவிடுவார். நீரைக் காத்தவனைக் கும்பிட்ட ஊரில் கண்மாயை அசுத்தம் செய்ய யாருக்கும் மனம் வராது.

பிறகு காலம் மாறுகிறது. ஊரின் கையிலிருந்த கண்மாய் அரசாங்கத்தின் கைக்குப் போகிறது. ஊர் ஒதுங்கிக்கொள்கிறது. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் முளைக்கிறது. ‘சொந்தம்’ என்ற உணர்வு போனபின் ஒரு நீர்நிலை எப்படிச் செத்துப்போகிறது என்பதைத் தர்மன் கோஷம் போடாமல், ஊர்க்கிழவர்களின் குசும்போடும் பழமொழிகளோடும் சொல்கிறார். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு இருக்கிறது. அதில் உங்கள் ஊர்க் கண்மாயின் பெயர் என்ன என்று கேட்க வைக்கும் புத்தகம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: பாத்திரங்கள் அதிகம். யார் யாருக்கு என்ன உறவு என்று முதல் 50 பக்கங்களில் குழம்பிப்போனால் கவலைப்பட வேண்டாம். புது ஊருக்குக் குடிபோனால் எல்லோரும் பழக நாலு நாள் ஆகும் அல்லவா, அதுபோலத்தான்.

பணம் இருந்தும்...

ஏழில் ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால், பிள்ளைகளைப் பெற்றவர்கள் எடுக்க வேண்டியது இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2018-ல் வெளிவந்து, 2020-க்கான விருதைப் பெற்றது. தலைப்பைப் பார்த்துவிட்டு, பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுக் கதை என்று நினைத்துவிட வேண்டாம்.

இன்ஜினீயரிங் படித்த ரேவதி, பர்மாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தலைமையாசிரியரான அப்பா நடேசனுக்கு அது தாங்க முடியாத அடி. மகளோடு பேச்சை நிறுத்திவிடுகிறார். ஆண்டுகள் ஓடுகின்றன. ஒருநாள் தகவல் வருகிறது, ரேவதி தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு வெளியேதான் நாவலின் பெரும்பகுதி நடக்கிறது.

பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவருகிறார் அப்பா. எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யத் தயார். அதை வாங்கிக்கொண்டு மகளைத் திருப்பித் தர அங்கே யாராலும் முடியவில்லை. கட்டிலில் கிடப்பவளின் காயத்தை விழுக்காட்டில் சொல்லும் மருத்துவமனையின் மொழி, வெளியே மரத்தடியில் காத்திருக்கும் உறவுகளின் மொழி என இரண்டு மொழிகள் நாவலில் மோதிக்கொண்டே இருக்கின்றன. யார் மேல் தப்பு? குடிக்கிற கணவன் மேலா, வீம்பாக இருந்த அப்பா மேலா, எதிர்த்துப் பேசாத அம்மா மேலா, எதையும் சொல்லாமல் சகித்த ரேவதி மேலா? இமையம் தீர்ப்பு சொல்வதில்லை. ஒவ்வொருவரையும் பேச விடுகிறார். ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் பக்கமே நியாயம் இருப்பதுபோலத் தெரிகிறது.

உரையாடல்கள் சில இடங்களில் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகின்றன என்பது உண்மை. ஆனால், ஐ.சி.யூ வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். அங்கே மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ‘அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருக்கலாம்’ என்ற ஒரே வாக்கியத்தை நூறு விதமாகச் சொல்வார்கள். வீட்டில் பேசாமல் இருக்கும் மகளோ, மகனோ உள்ளவர்கள் இந்த நாவலைப் பாதியில் மூடிவைத்துவிட்டு போனைக் கையில் எடுத்தால், அது நாவலுக்குக் கிடைத்த இன்னொரு விருது.

70 ஆண்டுகளில் நான்காவது பெண்

2021-ல் அம்பையின் ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ தொகுப்புக்கு விருது அறிவிக்கப்பட்டபோது, மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழுந்திருக்க வேண்டும். 1955-ல் ரா.பி.சேதுப்பிள்ளையில் தொடங்கிய இந்த விருதுப் பட்டியலில், தமிழில் இதுவரை இடம்பெற்ற பெண்கள் நால்வர்தான். 1973-ல் ராஜம் கிருஷ்ணன், 1984-ல் லக்ஷ்மி, 2005-ல் திலகவதி, அடுத்து அம்பை. நாலு பேரைச் சொல்லி முடிக்க ஒரு கையின் விரல்களே மிச்சம்.

சி.எஸ்.லக்ஷ்மி என்ற இயற்பெயர் கொண்ட அம்பை, மும்பையில் வசிப்பவர். பெண்களின் வாழ்க்கை பற்றிய ஆவணங்களைத் திரட்டிக் காக்கும் ‘ஸ்பாரோ’ காப்பகத்தை 1988-ல் தொடங்கியவர்களில் ஒருவர். 1976-ல் ‘சிறகுகள் முறியும்’ தொகுப்போடு வந்தவரின் கையில் விருது வந்து சேர 45 ஆண்டுகள் ஆயின. அப்போது அவருக்கு வயது 77.

இந்தத் தொகுப்பில் வரும் பெண்களில் பலர் இளமையைத் தாண்டியவர்கள். தனியாக வாழ்பவர்கள், பயணம் போகிறவர்கள், அடுத்தவர் வீட்டுத் துக்கத்தில் பங்கெடுப்பவர்கள். தலைப்புக் கதையில் இசையை நேசிக்கும் ஓர் அப்பா, காது கேளாத வளர்ப்பு மகள், இருவருக்கும் நடுவில் அம்மா. மகளைத் தன் உலகத்துக்குள் இழுத்துவர நினைக்கும் அன்பு ஒன்று, அவளுடைய மௌனத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும் அன்பு இன்னொன்று. ‘உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்று பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்பவர்கள் இந்த ஒரு கதையை மட்டுமாவது படிக்கலாம். அம்பை குரலை உயர்த்துவதில்லை. சாப்பாட்டு மேசையில் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே வந்து, கடைசியில் தொண்டையில் ஒரு முள்ளை வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

நாவலுக்கு நேரம் இல்லை என்பவர்களுக்கு இந்தத் தொகுப்பு வசதியானது. இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தூங்கப் போகும் முன் ஒரு கதை.

கடல் கடந்து போன அரசர்

மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள் என்பதோடு நம் பாடப்புத்தகம் நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன நடந்தது? பிடிபட்ட மற்றவர்கள் என்ன ஆனார்கள்? மு.ராஜேந்திரனின் ‘காலா பாணி’ அங்கேதான் தொடங்குகிறது. 2022-ல் விருது பெற்ற நாவல். ஐ.ஏ.எஸ் அதிகாரியாக இருந்த ராஜேந்திரன், முன்பே ‘1801’ என்ற நாவலை எழுதியவர். இது அதன் தொடர்ச்சி.

சிவகங்கையின் அரசர் வேங்கை பெரிய உடையணத் தேவர், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் ஏற்றி நாடு கடத்தியது கிழக்கிந்தியக் கம்பெனி. போய்ச் சேர்ந்த இடம் இன்றைய மலேசியாவின் பினாங்கு. அங்கிருந்து அரசர் சுமத்ரா தீவின் பெங்கூலன் கோட்டைக்கு மாற்றப்பட்டு, அதே ஆண்டில் இறந்துபோனார். அந்தமான் சிறைக்கொட்டடி கட்டப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நடந்த கதை இது.

நாவலின் பலம், பலவீனம் இரண்டும் ஆவணங்கள்தான். தேதியும் உத்தரவும் கடிதமும் குவிந்து கிடப்பதால், சில பக்கங்களில் கதை மூச்சு வாங்குகிறது. ஆனால் கப்பலின் அடித்தளத்தில், திரும்பி வருவோமா என்று தெரியாமல், கரையைக்கூடப் பார்க்க முடியாமல் போகும் மனிதர்கள் வரும்போது, ஆவணத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து படிக்கலாம். வரைபடத்தில் பினாங்கையும் சுமத்ராவையும் தேடுவது ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமை வேலை.

இழவு வீட்டில் தொடங்கும் நாவல்

2023-ல் விருது பெற்ற தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ தலைப்பைப் பார்த்துப் பயந்துபோக வேண்டாம். எல்லா ஊரும் நம் ஊர் என்று பாடிய கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலில் வரும் உவமையிலிருந்து எடுத்த தலைப்பு அது. ஆற்றின் போக்கில் போகும் தெப்பம்போல உயிர் விதியின் போக்கில் போகும் என்பது அதன் சாரம். நாவலின் உள்ளே இருப்பது எளிய கொங்குத் தமிழ்.

காரு மாமா இறந்துபோகிறார். கொங்கு நாட்டுக் கிராமங்களில் குடிநாவிதராக வாழ்ந்தவர் அவர். மனைவி விட்டுப் போனபின் தனியாகிப்போனவர். துக்கத்துக்கு உறவுகள் கூடுகின்றன. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாரோடு யார் பேசவில்லை என்று நம் எல்லோர் வீட்டு இழவிலும் நடப்பதுதான் நடக்கிறது. பழைய பகைகள் வெளியே வருகின்றன, பழைய பாசங்களும் வருகின்றன.

முடி திருத்துவது தொடங்கி நல்லது கெட்டது அத்தனைக்கும் ஊருக்கு வேண்டியவராக இருந்து, ஊரின் திண்ணையில் உட்கார மட்டும் இடம் இல்லாமல் போன சமூகத்தின் கதை. கசப்பாக எழுதியிருக்கலாம், அதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது. தேவிபாரதி உறவுகளின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டார். பிரிந்து கிடந்தவர்கள் கூடித் தாயம் ஆடும் இடம் சமீபத்திய தமிழ் நாவல்களில் மறக்க முடியாத காட்சிகளில் ஒன்று. பக்கங்களும் குறைவு. ஒரு ரயில் பயணத்தில் முடித்துவிடலாம். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அந்த நான்கு பேர் யார்?

பட்டியலின் கடைசி, கதை அல்ல, வரலாறு. ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலுக்கு 2024-ல் விருது. பள்ளி வயதிலேயே வ.உ.சி-யின் மேல் ஈர்ப்புக் கொண்டு தேடத் தொடங்கியவர் சலபதி. 1984-ல், 17 வயதில், வ.உ.சி-யின் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். விருது வந்தது அதற்கு 40 ஆண்டுகள் கழித்து. ஒரே மனிதரை விடாமல் பின்தொடர்ந்த ஆயுள் உழைப்பு இது.

1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது, 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்று வெற்றி பெற வைத்தது, மார்ச் 12-ல் சுப்பிரமணிய சிவாவோடு கைதானது எல்லாம் பலருக்கும் தெரிந்திருக்கும். ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் சிவாஜி செக்கிழுத்ததைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் நாம். ஆனால், அவர் கைதான மறுநாள், மார்ச் 13-ல், திருநெல்வேலி தெருக்களில் என்ன நடந்தது? கடைகள் மூடப்பட்டன. மாணவர்களும் வியாபாரிகளும் தொழிலாளர்களும் திரண்டார்கள். நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் காவல் நிலையமும் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்துப்போனார்கள்.

தலைவரைக் கொண்டாடியே பழகிய நாம் கேட்காத கேள்வியைச் சலபதி கேட்கிறார். செத்தவர்கள் யார்? சிறைக்குப் போனவர்கள் யார்? அவர்கள் என்ன தொழில் செய்தார்கள்? கைதான ஒருவருக்காக உயிரையே பணயம் வைக்கும் அளவுக்கு அந்தச் சாதாரண ஜனங்களை எது தூண்டியது? ஆவணக் காப்பகத்தின் தூசுக்குள்ளிருந்து, போலீஸ் குறிப்புகளிலிருந்தும் வழக்கு விவரங்களிலிருந்தும் அவர்களை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவருகிறார். கலகத்துக்குத் தண்டனையாக ஊர்மக்கள் தலையில் வரி விழுந்ததையும் சொல்கிறார்.

ஆய்வு நூல் என்பதால் நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரே மூச்சில் போகாது. திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் லாபம். தினமும் நடக்கும் தெருவில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

எதிலிருந்து தொடங்குவது?

ஏழையும் ஒரே நாளில் வாங்கி, ஷோகேஸில் பொம்மைகளுக்குப் பக்கத்தில் அடுக்கிவைப்பதால் பயன் இல்லை. ஒன்றை எடுங்கள். வேகமாகப் படித்துப் பழகியவர்கள் ‘செல்லாத பண’த்தில் தொடங்கலாம். நேரம் குறைவு என்றால் அம்பை. கிராமத்து நினைவோடு நகரத்தில் இருப்பவர்களுக்கு ‘சூல்’. சொந்தபந்தங்களைவிட்டுத் தூரமாக இருப்பவர்களுக்கு ‘நீர்வழிப் படூஉம்’. இசை பிடித்தவர்களுக்கு ‘சஞ்சாரம்’. வரலாற்று ஆர்வம் இருந்தால் ‘காலா பாணி’ முதலில், சலபதி அடுத்து.

விலை கட்டுப்படியாகவில்லை என்றால் நூலகம் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று பெரிய கட்டடங்களைத் தேடிப் போக முடியாவிட்டாலும், பக்கத்துக் கிளை நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். இல்லை என்றால் ‘வாங்கிவையுங்கள்’ என்று எழுதிக் கொடுக்கலாம். கேட்க ஆள் இருந்தால்தான் புத்தகம் வரும்.

படிப்பது தனியாக நடந்தாலும், பேசுவது வீட்டோடு நடக்கட்டும். நடேசன் செய்தது சரியா என்று சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள். தாத்தா ஒன்று சொல்வார், மகள் வேறொன்று சொல்வாள். உருளைக்குடிக் கண்மாயைப் பற்றிச் சொன்னால், பாட்டி தன் ஊர்க் கண்மாயின் பெயரைச் சொல்வார். அந்தப் பெயரை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்குப் போகும்போது, தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்கு நகர்ந்தபின், நாகஸ்வரத்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருக்கும் அந்த மனிதரிடம் போய், ‘அண்ணே, உங்க பேர் என்ன? சாப்பிட்டீங்களா?’ என்று கேளுங்கள்.